மென்று முழுங்கினார்

சூயிங்கம் மெல்லுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் இவள் ஒருபக்கமாகப் பேசுகிறாள் என்று குறைபட வேண்டாம். ஆமாம், ஒருபக்கமாகத்தான் பேசுகிறேன். பதினோரு வருஷம் சுரங்க ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தவள் நான். வாந்தியை அள்ளியிருக்கிறேன். மழை நாளில் ஊரே செருப்போடு கொண்டுவந்த சேற்றை ஒற்றை ஆளாகத் தள்ளியிருக்கிறேன். அதற்கெல்லாம் முணுமுணுத்ததுகூட இல்லை. உடம்பு முடியாதவன் வாந்தி எடுக்கத்தான் செய்வான், மழை பெய்தால் சேறு வரத்தான் செய்யும். சூயிங்கம் அந்த வகையில் சேராது. அதை ஒட்டுகிற மனுஷன் இடம் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்து, அழுத்தி ஒட்டுகிறான். பத்தடி தள்ளிக் குப்பைத்தொட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

பெஞ்சுக்கு அடியில் ஒட்டுவார்கள். லிஃப்ட் பொத்தான்மேல் ஒட்டுவார்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கிற பெண்ணின் மூக்குத் துவாரத்தில் ஒட்டுவார்கள், அதில் ஒரு நகைச்சுவை வேறு. புதுசாக இருந்தால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். பழசானால் கறுத்துப்போய்த் தரையிலேயே போட்ட புள்ளி மாதிரி கிடக்கும். முதலில் குளிர் ஸ்ப்ரே அடித்து அதைக் கல்லாக்க வேண்டும். பிறகு சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து ஒரே தள்ளு. நேராகப் பிடித்தால் டைல்ஸ் கீறும், கீறினால் எனக்கு மெமோ வரும். துப்பினவனுக்கு மெமோ கிடையாது. நான் மண்டி போட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்கு மேலே நின்று தாடையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் நகருங்கள் என்று நான்தான் கெஞ்ச வேண்டும்.

அதனால், நிலையத்துக்குள் சூயிங்கத்துக்குத் தடை என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. கொண்டுவந்தவர் ஒரு பெரிய அதிகாரி, துணைப் பொது மேலாளர். வாரத்துக்கு ஒருமுறை எங்கள் நிலையம் வழியாகத்தான் அலுவலகம் போவார். நாங்கள் அவருக்கு தூய்மை சார் என்று பெயர் வைத்திருந்தோம், பாதி கிண்டல், பாதி மரியாதை. அவர் எழுதிய நான்காவது விதியை ஒவ்வொரு ஊழியரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சூயிங்கத்தை மெல்லுதல், வாயில் வைத்திருத்தல், துப்புதல், ஒட்டுதல், பிடிபடும்போது விழுங்கி மறைத்தல் அனைத்தும் குற்றம். பயணி என்றால் அபராதம், ஊழியர் என்றால் வேலை போகும். விழுங்கி மறைத்தல் என்பதைப் படித்ததும், ஆள் விவரமானவர்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

என் நாத்தனாரும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டாள். அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, அதே நிலையத்தில் டிக்கெட் கேட்டில் நிற்கிறவள். புருஷனோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், மகள் கல்லூரியில் படிக்கிறாள், இவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், இரக்கமும் உண்டு. ஆனால் எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் பரிமாற வந்தபோது, "அண்ணி, கையை நல்லாக் கழுவிட்டீங்கல்ல" என்று கேட்டாள். அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். சோற்றுப் பாத்திரத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை எட்டே முக்கால், நிலையம் பிதுங்கி வழிகிற நேரம். ஒவ்வொரு கேட்டின் தூணிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு, ஆள் தாண்டிவிட்டாரா என்று பார்த்துக் கதவைத் திறந்து மூடுவது அதுதான். மூன்றாம் கேட்டின் அந்தக் கண்ணின்மேல் யாரோ சூயிங்கத்தை அப்பிவிட்டார்கள். கேட் மூடியது மூடியதுதான். பின்னால் வந்த கூட்டத்துக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு பெரியவர் கீழே விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார்கள், ஓடிப்போய்ச் சுரண்டினேன். ஸ்ப்ரேயை இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு புதுசு, புதினா வாசனை போகவில்லை.

நிலைய மேலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து என் நாத்தனாரைக் கேட்டார். இங்கேதானே நின்றீர்கள், யார் ஒட்டியது? அவள் என்னைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், அது வந்து சார், கூட்டத்துல சார், சரியா என்று இழுத்தாள். அவர் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே இழுவைதான். பெரியவர் அடிபட்டதால் அறிக்கை மேலே போக வேண்டும், சாட்சியாக நீயும் எழுதிக் கொடு என்று ஒரு தாளை என் கையில் திணித்தார். நான் எட்டாவதுவரைதான் படித்தவள், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதினேன்:

"யார் ஒட்டியது என்று மேலாளர் கேட் ஊழியரிடம் மூன்று முறை கேட்டார். அவர் மூன்று முறையும் மென்று முழுங்கினார்."

எழுதும்போது கொஞ்சம் ருசித்துத்தான் எழுதினேன், மறைக்க மாட்டேன். எட்டு மாதக் கோபம் பேனா வழியாக இறங்கியது. மேலதிகாரியிடம் போய் நாலு வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்ற நினைப்பு, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு கடிதம். பேச்சில்லாத வீட்டுக்குள் வரலாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். தாங்கள் பணி நேரத்தில் சூயிங்கத்தை மூன்று முறை மென்று, மூன்று முறையும் விழுங்கி, ஆதாரத்தை மறைத்தது நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. ஆகவே மூன்றாம் கேட்டில் சூயிங்கத்தை ஒட்டியதும் தாங்களே என்று கருத இடமிருக்கிறது. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை விசாரணையில் விளக்கம் தரவும்.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சாட்சி யார் என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"விழுங்கிட்டேன்னா, அப்புறம் எப்படி அண்ணி ஒட்டுவேன்?" என்று அவள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே கணக்குப் புரியாதவள் போலக் கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்மேல் பாதி, அவர்கள்மேல் பாதி. மென்று முழுங்கினாள் என்றால் பதில் சொல்லாமல் தடுமாறினாள் என்று பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் விதியில் இருக்கிற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. மெல்லுதல், இருக்கிறது. விழுங்குதல், இருக்கிறது. டிக் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு பொம்பளையின் பிழைப்பு இரண்டு டிக்கில் முடிந்தது.

மறுநாளே மேலாளரிடம் போய் விளக்கிச் சொன்னேன். அவரும் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்து முடித்ததும் கையை விரித்தார். பேப்பர் மேலே போயாச்சு, இனி அவர்கள் பாடு, விசாரணையில் சொல்லிக்கொள் என்றார்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகம் போனோம். குளிரூட்டிய அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்கள் இருவருக்கும் தண்ணீரும் இல்லை, நாற்காலியும் இல்லை. நடுவில் தூய்மை சார் உட்கார்ந்திருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார், குரலே உயரவில்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. குற்றம் சாட்டப்பட்டவள் எதிரில் நிற்கிறாள், அவர் அவளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கேள்வியெல்லாம் தாளைப் பார்த்தே கேட்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது பேச்சு வழக்கு, அவள் வாயில் எதுவும் இல்லை, நான் பார்த்தேன் என்றேன். எழுதியது எழுதியதுதான், பேச்சு வழக்குக்கு விதியில் இடமில்லை என்றார்.

"உங்க வீட்ல யாரும் மென்னு முழுங்கினதே இல்லையா சார்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள். அவர் முகம் மாறவில்லை. அந்த கேட்டுக்கு மேலேயே கேமரா இருக்கிறதே, போட்டுப் பாருங்கள் என்றேன். ஊழியர் விவகாரத்துக்குப் பதிவைத் திறக்க முடியாது, பயணி யாராவது எழுத்தில் புகார் கொடுத்தால்தான் திறக்கலாம், இதுவரை யாரும் கொடுக்கவில்லை, முப்பது நாளில் பதிவு தானாக அழிந்துவிடும் என்றார். இதையும் மரியாதையாகத்தான் சொன்னார். விழுந்த பெரியவர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான், வாயால் திட்டியதோடு சரி.

கடைசியில் ஒரு படிவத்தை என் முன்னால் தள்ளினார்கள். அதில் இரண்டே கட்டம். என் வாக்குமூலம் உண்மை. என் வாக்குமூலம் பொய். உண்மை என்று டிக் போட்டால் அவள் வேலை போகும். பொய் என்று போட்டால் பொய்ச்சாட்சி சொன்னதற்கு என் வேலை போகும். நான் எழுதியது உண்மை, நீங்கள் படித்தது பொய் என்று சொல்ல மூன்றாவது கட்டம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அந்தத் தரையை என் வீட்டுத் தரையைவிட நன்றாக வைத்திருந்தேன். ஆனால் ருசித்து எழுதினது நான்தானே. பொய் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். தூய்மை சார் தாளை எடுத்து அடுக்கினார், வழக்கு முடிந்தது என்றார், அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. யார் ஒட்டியது என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே, என்னை வேலைக்கு வைத்திருந்த துப்புரவு ஒப்பந்தக்காரர் போன் செய்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கைகழுவிவிட்டார்.

சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், நன்றி சொன்னாள், அண்ணன் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். எனக்கு மனசு இளகவில்லை. எனக்குள் ஒரு கேள்வி பத்து நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

"அழுதது போதும். பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன் அண்ணி."

"யாரு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொன்னாள். போன் பேசிக்கொண்டே வந்தாராம். கேட்டில் கார்டைத் தட்டுவதற்கு முன் வாயிலிருந்து எடுத்துத் தூணில் அப்பிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் தாண்டிப் போனாராம். அப்படிப் போகும்போதே இவளைப் பார்த்து, வேலை எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்பது போலத் தலையை வேறு அசைத்தாராம். தூய்மை சார்.

விதியை எழுதினவன், மீறினவன், விசாரித்தவன், தீர்ப்புச் சொன்னவன், நாலும் ஒரே ஆள். நான் அந்த அறையில் நின்றுகொண்டு அந்த மனுஷனைப் பார்த்து சார் சார் என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் வேலையை நிரந்தரம் செய்கிற கோப்பு அடுத்த மாதம் அவர் மேஜைக்குத்தான் போகிறதாம். சொன்னால் யார் நம்புவார்கள், மகள் படிப்பு என்ன ஆவது என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"உன்னைக் காப்பாத்த நான் வேலையை விட்டேன். நீ யாரைக் காப்பாத்திட்டு இருக்க?"

நாளைக்குக் காலையில் நான் நிலையத்துக்கு வருகிறேன், நீ என்ன செய்வாயோ அது உன் இஷ்டம், நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

காலையில் யூனிஃபார்ம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியது கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தது. வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். அந்த நிலையத்தில் நான் எடுத்த முதல் டிக்கெட். நேரே மேலாளரிடம் போனேன். என்னம்மா, ஏதாவது மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

"பயணியா வந்திருக்கேன் சார். புகார்ப் புத்தகம் குடுங்க."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்கம்மா வம்பு என்றார், கொஞ்ச நாள் போகட்டும், வேறு ஏதாவது நிலையத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நான் டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். டிக்கெட் வைத்திருக்கிறவர் கேட்டால் புத்தகத்தைக் கொடுக்காமல் இருக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தடிமனான புத்தகம், புகாருக்கு மூன்று தாள், நடுவில் கார்பன். ஒன்று தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று பயணிக்கு.

கேட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற சாய்வுப் பலகைமேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். நான் இதுவரை அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் போட்டதும் நிறுத்தி, இதை வேறு எப்படியாவது படிக்க வழி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்ன தேதி. இத்தனை மணி. மூன்றாம் கேட். அதன் கண்ணின்மேல் ஒருவர் சூயிங்கத்தை ஒட்டினார். அதனால் கேட் திறக்கவில்லை. ஒரு முதியவர் விழுந்து காயமடைந்தார். ஒட்டியவர் யார் என்பதை கேமராப் பதிவில் பார்த்துச் சொல்லவும். பேச்சு வழக்கு எதுவும் இல்லை, எலும்பு மாதிரி வரிகள்.

தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. நேரில் கண்ட ஊழியர் இருந்தால், பெயர், எண், கண்ட விவரம். மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அது கட்டாயம் இல்லை, காலியாக விட்டுவிடலாம் என்றார். காலியாக விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வரிசைப்படி பார்ப்பார்கள், ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும் என்றார். பதிவு அழிய இன்னும் பத்தொன்பது நாள்தான். கட்டம் நிரம்பியிருந்தால்? நிரம்பியிருந்தால் மூன்று நாளுக்குள் பதிவைத் திறந்தாக வேண்டும் என்று, சொல்ல மனமில்லாமல் சொன்னார்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கேட்ட மாதிரி ஆகிவிடும், கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் கேட்டில் அவள் நின்றிருந்தாள், ஆட்கள் கார்டைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ அவளிடம் வழி கேட்டார்கள், அவள் சொன்னாள். இன்னொரு ரயிலின் கூட்டம் ஏறி வந்து, கரைந்து போனது. நான் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, இனி எழுத எதுவும் இல்லாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேனா என் கையிலிருந்து உருவப்பட்டது. அவள்தான். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பெயரை எழுதினாள், எண்ணை எழுதினாள். மேலாளர் மெதுவாக, நல்லா யோசிச்சியாம்மா, அடுத்த மாசம் உன் கோப்பு வருது என்றார். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு, ஒட்டியதை நான் பார்த்தேன், ஒட்டியவர் என்று எழுதி மறுபடி நின்றாள்.

"அண்ணி, துணைப் பொது மேலாளர்னு எழுதறப்ப நடுவுல ப் வருமா? ஒரு எழுத்து பிசகினாலும் வேற ஆளுன்னு சொல்லிடுவாங்க."

"வரும்," என்றேன். "அழுத்தி எழுது. மூணு தாள்லயும் விழணும்."